மாப்ள, பைபாஸ் போடாத

போன வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி ஆக்கிப் போட்டு, நான் கை கழுவி வர்றதுக்குள்ள "மாமா, ஒங்கள ஒரு யோசன கேக்கணும்"னு ஆரம்பிச்ச பாரு மாப்ள, அப்பயே எனக்கு வெளங்கிருச்சு. இது யோசன கேக்குற கேள்வி இல்ல. எழுதி முடிச்ச பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்து கேக்குறது. சோறு போட்ட வீட்டுல எதுத்துப் பேசக் கூடாதுன்னு தலைய ஆட்டிட்டு ரூமுக்கு வந்துட்டேன். இப்பக் கறி செரிச்சுப்போச்சு, இனி பேசலாம். வாட்ஸ்அப்புல பேசி அனுப்புனா நீ ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிக் கேப்ப. அதான் ஒக்காந்து எழுதுறேன்.

பேரன் சங்கதிதான். ஏழு வயசு. இந்த வருசம் மட்டும் மூணு தண்ணி பாட்டிலு, ரெண்டு டிபன் டப்பா, ஒத்தச் செருப்பு ஒண்ணு தொலச்சிருக்கான். ஒத்தச் செருப்பத் தொலைக்கிறதுக்கே ஒரு தெறம வேணும்ல? டீச்சரம்மா கூப்பிட்டு, "அஞ்சு நிமிசம் எடத்துல ஒக்கார மாட்டேங்கிறான், கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதிலச் சொல்லுறான், எழுத ஆரம்பிச்ச வரிய முடிக்க மாட்டேங்கிறான், ஒரு டாக்டர்கிட்டக் காட்டுங்க"ன்னு தன்மையாத்தான் சொல்லியிருக்காக. ரெண்டு பக்க ஃபாரம் ஒண்ணும் குடுத்துவிட்டாக. நீ என்ன பண்ணுன? ஃபாரத்தத் தூக்கி ஃப்ரிட்ஜுக்கு மேல, பழைய பீட்சா நோட்டீசுக்கு அடியில சொருகுன. "அந்தம்மாவுக்குக் கிளாஸக் கட்டி மேய்க்கத் தெரியல, எம்மவன் மேல பழியப் போடுது. போன்ல கேம் ஆடுறப்ப ரெண்டு மணி நேரம் அசையாம ஒக்கார்றானே, அவனுக்கா கவனம் இல்ல? மனுசங்க அபிப்ராயம் எனக்கு வேணாம் மாமா. கம்ப்யூட்டர்ல ஒரு டெஸ்ட் இருக்காம். நம்பர் குடுக்குமாம். நம்பர் வந்தா நம்புறேன்"ன.

ஆகா! கத்தார் ராஸ் லஃபான் கேஸ் பிளான்ட்டுல கன்ட்ரோல் ரூம்ல ஒக்காந்து சம்பளம் வாங்குறவன் பேச வேண்டிய பேச்சு. மெய்யாத்தான் சொல்றேன், கேலி பண்ணல. கொஞ்சந்தான் பண்றேன். 1996 டிசம்பர்ல இங்க மொத எல்என்ஜி எறங்குனப்ப நான் இன்ஸ்ட்ருமென்ட் ஹெல்பர். அன்னையிலருந்து கேஜத் தொடச்சு, டிரான்ஸ்மிட்டரத் தட்டி, கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியே தல நரச்சவன் நான். நம்பரோட அருமை எனக்குத் தெரியாதா?

இங்க கடலுக்கடியிலருந்து வர்ற கேஸ்ல எச்டூஎஸ் கலந்திருக்குல்ல, அழுகுன முட்ட நாத்தம்? புதுசா வர்ற பயலுக, "நாத்தம் வந்தா ஓடிருவோம்ண்ணே"ம்பானுக. அவனுகளுக்கு நான் சொல்றது இதுதான்: நாத்தம் கொஞ்சமா இருக்கையிலதான் மூக்குக்குத் தெரியும். 100 பிபிஎம் வாக்குல போச்சுன்னா மூக்கே மரத்துப்போகும். அந்தக் கிறுக்கன், "நாத்தம் நின்னுபோச்சு, இனிப் பயமில்ல"ன்னு அங்கயே நிப்பான். அதுக்குத்தான் சட்டையில டிடெக்டரு. பெத்தவுக மூக்கும் அதே மூக்குதான் மாப்ள. ராப்பகலா ஒரே வீட்டுல இருந்து மரத்துப்போயிரும். "ஆம்பளப்புள்ள அப்படித்தான் துறுதுறுன்னு இருப்பான்"னு ஒரு மூக்கு சொல்லும். "இவன் வேணுமின்னே பண்றான், நாலு சாத்து சாத்துனாச் சரியாப்போகும்"னு இன்னொரு மூக்கு சொல்லும். ரெண்டும் மரத்த மூக்கு. அதுனால மெசின் வேணும்னு நீ கேக்குறதுல எனக்குத் தாவா கெடையாது.

பக்கத்து ரூம்ல கேரளாப் பையன் ஒருத்தன், கிளினிக்குல நர்ஸு. அவன விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ சொன்ன டெஸ்ட்டு க்யூபி டெஸ்ட், ஏடிஎச்டிங்கிற கவனச்சிதறல் கோளாறப் பாக்க சுவீடன்காரன் பண்ணுனது. புள்ளய ஒரு மொட்டை ரூம்ல ஒக்கார வச்சு, நெத்தியில பட்டி ஒண்ணு கட்டி, அதுல மின்னுற குண்டு ஒண்ணு வப்பாக. எதுக்கால இன்ஃப்ராரெட் கேமரா, தல ஒரு இமி ஆடுனாலும் கணக்கெடுக்கும். கையில ஒரு பட்டன். ஸ்கிரீன்ல வட்டம் வந்தா அமுக்கணும், வட்டத்துக்கு நடுவுல குறுக்குக்கோடு போட்டு வந்தா அமுக்கக் கூடாது. அம்புட்டுதான். 15 நிமிசம் இதே கத. பெரிய புள்ளைகளுக்குக் கொஞ்சம் சிக்கலான ஆட்டம், 20 நிமிசம். வேணுமின்னே சலிப்பாச் செஞ்சு வச்சிருக்கானுக. அதுதான் சூட்சுமம். போன்ல கேம் செகண்டுக்கு ஒருக்கா "சபாஷ்"னு மிட்டாய் குடுக்குது, அதுல எந்தப் புள்ளதான் அசையும்? மிட்டாய் இல்லாத எடத்துல எம்புட்டு நேரம் நிக்கிறான்னு பாக்கணும். அப்ப நீ சொன்ன ரெண்டு மணி நேரக் கணக்கு தள்ளுபடி.

அமுக்க வேண்டியத விட்டது எத்தன, அமுக்கக் கூடாதத அமுக்குனது எத்தன, தல ஆடுனது எம்புட்டு, எல்லாத்தையும் அதே வயசுல உள்ள மத்தப் புள்ளைகளோட ஒப்பிட்டு ரிப்போர்ட் குடுக்கும். நம்ம மாதிரி ஆளுகளுக்கு இதுல ஒரு தனி நன்மையும் இருக்கு. வீட்டுல தமிழு, கிளாஸுல இங்கிலீசு, நடுவுல அரபிப் பீரியடுன்னு பேரன் மூணு பாஷைக்கு நடுவுல தொங்குறான். அந்த வட்டத்துக்கு எந்தப் பாஷையும் கெடையாது.

இப்படி பட்டன் அமுக்குற சோதன ஒண்ணும் நேத்துப் பொறந்தது இல்ல. 1956லயே அமெரிக்காவுல எழுத்தக் காட்டி, எக்ஸ் வந்தா அமுக்குன்னு வச்சிருக்காக. அதுவும் மூளையில அடிபட்டவுகளக் கண்டுபுடிக்கத்தான். அப்புறந்தான் புள்ளைக பக்கம் திரும்புச்சு. 2013ல தலையில ஒயரு ஒட்டி மூளை அலைய அளக்குற மெசினுக்கும் அமெரிக்காவுல அனுமதி குடுத்தாக. மூணே வருசத்துல அங்க உள்ள நரம்பு டாக்டர்க சங்கமே, ஆராய்ச்சிக்கு வேணா வச்சுக்கங்க, வைத்தியத்துக்கு வேணாம்னு சொல்லிருச்சு. மெசின் புதுசா வந்துச்சுன்னு துள்ளாத மாப்ள. எத்தன புது மாடல் கேஜு ஸ்கிராப் யார்டுல கெடக்குதுன்னு நான் பாத்தவன்.

சரி, க்யூபி டெஸ்டு யோக்கியத என்ன? இங்கிலாந்துல ஒரு காரியம் பண்ணுனாக, 2018ல முடிவு வெளிவந்துச்சு. பத்து ஆஸ்பத்திரி, 250 புள்ளைக. எல்லாருக்குமே டெஸ்ட் எடுத்தாக. ஆனா பாதிப் பேரு ரிப்போர்ட்ட மட்டும் டாக்டர்கிட்டக் காட்டுனாக, மீதிய ஒளிச்சு வச்சுட்டாக. எங்க வொர்க்‌ஷாப்புல கூட இம்புட்டு நேர்மையா ஒரு கேஜச் சோதிச்சது இல்ல. ஆறு மாசத்துல என்ன ஆச்சு? ரிப்போர்ட் பாத்த பக்கம் 76 சதவீதப் புள்ளைகளுக்கு "உண்டு" இல்லாட்டி "இல்ல"ன்னு முடிவு வந்துருச்சு. பாக்காத பக்கம் 50 தான். டாக்டருக்குப் பேச ஆகுற நேரம் 15 சதவீதம் கொறஞ்சுச்சு. "இது ஏடிஎச்டி இல்ல"ன்னு துணிஞ்சு விலக்குற வாய்ப்பு ரெண்டு மடங்காச்சு.

காலர தூக்கிவிடாத, இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு. முடிவு வெரசா வந்துச்சே, கூடுதல் சரியா வந்துச்சா? அதுல ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்ல. நீ கேட்ட நம்பரு டாக்டருக்கு வேகத்தையும் தெம்பையும் குடுத்துச்சு, தீர்ப்பக் குடுக்கல. அதான் 2024 அக்டோபர்ல அந்த ஊரு நைஸ் அமைப்பு, எந்த வைத்தியம் தகும் எது தகாதுன்னு சொல்றவுக, 6 வயசுலருந்து 17 வயசு வரைக்கும் இத வச்சுக்கலாம்னு சொல்லிட்டு, டாக்டர் வழக்கமாப் பாக்குறதோட சேத்துத்தான்னு ஒரு பூட்டையும் போட்டாக.

இத ஒனக்கு நான் வெளக்கணுமா? கம்ப்ரசர ட்ரிப் பண்ணணும்னா ஒத்த டிரான்ஸ்மிட்டர நம்புவியா நீ? மூணு மாட்டி வச்சிருப்ப. மூணுல ரெண்டு ஒத்துக்கிட்டாத்தான் ஒன் லாஜிக்குல ட்ரிப் போகும். ஒண்ணு மட்டும் கத்துச்சுன்னா, "போயிப் பாருங்கண்ணே"ன்னு எனக்கு வாக்கிடாக்கில சொல்லுவ. வெயில்ல ஏறிப் போயிப் பாப்பேன். சில நேரம் கேஜு பொய் சொல்லியிருக்கும். சில நேரம் அந்த ஒண்ணுதான் உண்மையச் சொல்லியிருக்கும், மத்த ரெண்டும் தூங்கியிருக்கும்.

புள்ளைக்கும் அதே லாஜிக்குதான் எழுதி வச்சிருக்கான். அமெரிக்க மனநல டாக்டர்க சங்கம் 2013ல போட்ட டிஎஸ்எம்-5 புஸ்தகத்துல 18 அடையாளம் இருக்கு. கவனம் சிதறுறது ஒம்பது, துறுதுறுப்பும் அவசரமும் ஒம்பது. ஏதாவது ஒரு பக்கத்துல ஆறாவது இருக்கணும், ஆறு மாசமாவது நீடிக்கணும், 12 வயசுக்கு முன்னாடியே தலகாட்டியிருக்கணும். இதுல உசுரான விதி எது தெரியுமா? ரெண்டு எடத்துலயாவது தெரியணும். வீட்டுல மட்டும் ஆடுனா வீட்டப் பாரு, பள்ளிக்கூடத்துல மட்டும் ஆடுனா பள்ளிக்கூடத்தப் பாரு, ரெண்டு எடத்துலயும் ஆடுனாப் புள்ளயப் பாரு. அப்ப, ஒனக்கு வாய்ச்ச மூணு டிரான்ஸ்மிட்டரு எது எது? வீடு ஒண்ணு, டாக்டர் ரூமும் அந்தப் பட்டனும் ஒண்ணு, பள்ளிக்கூடம் ஒண்ணு.

அந்த மூணாவத நீ என்ன பண்ணி வச்சிருக்க? பைபாஸ் போட்டு, மேல பீட்சா நோட்டீச வச்சு அமுக்கியிருக்க. அலாரம் அடிக்குது, எரிச்சலா இருக்குன்னு பெர்மிட் இல்லாம டிடெக்டர பைபாஸ் போட்டவன ராஸ் லஃபான்ல என்ன பண்ணுவாக மாப்ள? ஒன் வாயால சொல்லு. மறுநாள் ஃப்ளைட்டுல ஏத்துவாக. ஒன்னைய ஏத்த ஆளில்ல, அதான் சவுரியமா இருக்க.

டீச்சரம்மா முப்பது புள்ளைய வருசம் பூராப் பாக்குறாக. நீ ஒன் புள்ளய வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும், அதுவும் போனுக்கு மேல எட்டி எட்டிப் பாக்குற. எந்தக் கேஜுக்கு ரேஞ்சு அதிகம்?

அப்புறம், மெசினுக்கும் கண்ணு மறைக்கும். ஷமால் காத்துல புழுதி எந்திரிச்சா நம்ம இன்ஃப்ராரெட் கேஸ் டிடெக்டரே எதுக்கால ஒண்ணும் தெரியலன்னு ஃபால்ட் காட்டுதுல்ல? புள்ளைக்கும் புழுதி உண்டு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டிவி ஓடுற வீட்டுல தூங்காம எந்திரிச்ச புள்ள மறுநாள் எந்த வட்டத்தப் பாக்கும்? காதுல அழுக்கு அடச்சிருந்தாலும் கூப்புட்டாத் திரும்ப மாட்டான், கண்ணு மங்குனாலும் போர்டுல எழுதுனத முடிக்க மாட்டான். மொதல்ல காதையும் கண்ணையும் தூக்கத்தையும் பாத்துட்டு வா. மெசினுல என்ன கோளாறுன்னா, அது ஃபால்ட்டுன்னு சொல்லாது, புள்ளதான் ஃபால்ட்டுன்னு சொல்லும். திருப்பிப் போட்டாலும் ஆபத்துதான்: புது எடம், சத்தமில்லாத ரூமு, பக்கத்துலயே ஒரு ஆளு, 15 நிமிசம். சில புள்ள அதுல மூச்சுப் புடிச்சு ஒக்காந்து நல்ல மார்க் வாங்கிட்டு, மறுநாள் கிளாஸுல கூரைய ஏறிப் பிரிக்கும். "ரிப்போர்ட் நார்மல், டீச்சர் பொய்"னு நீ ஊருக்கே ஃபார்வேர்ட் பண்ணுவ. அந்தக் கூத்துக்குத்தான் பயப்படுறேன்.

வயச வச்சு ஒப்பிடுதுன்னு சொன்னேன்ல, அதுல ஒரு குசும்பு இருக்கு. எம் பாஸ்போர்ட்டப் பாத்திருக்கியா? பொறந்த தேதி 1.6.1967. எங்க ஊருப் பயலுகள்ல பாதிப் பேரு அன்னைக்குத்தான் பொறந்தோம். ஹெட்மாஸ்டரய்யாதான் பிரசவம் பாத்தாரு. என்னைய அந்த மெசினு முன்னால ஒக்கார வச்சிருந்தா என்னத்த ஒப்பிட்டிருக்கும்? பேரன் தேதி சுத்தமான தேதி, ஒத்துக்கிறேன். ஆனா மார்ச்சுக் கடைசியில பொறந்தவன ஒரு வருசம் வீணாப்போகக் கூடாதுன்னு அடிச்சுப் புடிச்சுச் சேத்த. கிளாஸுலயே சின்னவன் அவந்தான். பக்கத்துல ஒக்காந்திருக்க பயலுக பத்து மாசம், பதினோரு மாசம் மூத்தவனுக. கனடாவுல ஒம்பது லட்சத்துக்கு மேல புள்ளைகளக் கணக்கெடுத்து 2012ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. அங்க டிசம்பர்ல பொறந்தவுகதான் கிளாஸுல கடைக்குட்டி. டிசம்பர்ப் பயலுகளுக்கு ஜனவரிப் பயலுகளவிட 30 சதவீதம் கூடுதலா ஏடிஎச்டின்னு பேரு விழுந்திருக்கு. கோளாறு பாதி காலண்டர்ல. ஆனா ஏழு வயசுப் புள்ளய மெசினு ஏழு வயசோடத்தான் ஒப்பிடும், கிளாஸோட இல்ல. இந்த எடத்துல மெசின் டீச்சரவிட நியாயஸ்தன். பாத்தியா, நானும் ஒன் கட்சிக்கு ஒரு ஓட்டுப் போட்டுட்டேன்.

மாத்திரப் பயம் ஒனக்கு இருக்குன்னு மருமக சொல்லுச்சு. டெஸ்ட்டு வேற, மாத்திர வேற மாப்ள. பேரு வச்ச ஒடனே வாயில போட மாட்டாக. அப்பா அம்மாவுக்குப் பயிற்சி, கிளாஸுல முன் பெஞ்சு, வேலையத் துண்டு துண்டாக் குடுக்குறதுன்னு எத்தனையோ இருக்கு. மாத்திர வேணும்னு டாக்டர் சொன்னா அத அவருகிட்டயே கேட்டுக்க. "ஊருல மாமா பையன் மெடிக்கல் ஷாப்பு வச்சிருக்கான், ரெண்டு அட்டை வாங்கியா"ன்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லிவிடாத. அது கட்டுப்பாட்டு மருந்து. சீட்டு இல்லாமக் கொண்டு வந்தா ஏர்போர்ட்டுல மாட்டுறது கொண்டு வந்தவன்.

இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை நீ டெஸ்டப் பத்திப் பேசுன இருவது நிமிசம், நான் சும்மா ஒக்காந்திருக்கலடா. நானும் ஒரு டெஸ்ட் எடுத்தேன். நெத்திப் பட்டி இல்ல, கேமரா இல்ல, கண்ணுதான். போன எடுத்தது பதினோரு தடவ. எந்திரிச்சது நாலு தடவ. அதுல ஒரு தடவ எதுக்கு எந்திரிச்சோம்னு மறந்து ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்துட்டு மூடுன. நான் கேள்விய முடிக்கிறதுக்குள்ள பதில் சொன்னது ஆறு தடவ. கார் சாவியத் தேடுனது கணக்குல வராது, அத நான் கெளம்பையில தேடுன. கடைசியில பேரந்தான் ஒன் செருப்புக்குள்ளருந்து எடுத்துக் குடுத்தான்.

ஒங்காத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், சின்னதுல இவன் எப்படிக்கான்னு. எங்கக்கா சிரிச்ச சிரிப்பு இருக்கே! "சிலேட்டுல ஆனா எழுதச் சொன்னா ஆவன்னாவுல எந்திரிச்சுக் கம்மாக்கரைக்கு ஓடிருவான், அதுக்கு என்னடா இப்ப?"ன்னா. இரட்டப்புள்ளைகள வச்சுப் பண்ணுன ஆராய்ச்சிகள்ல இதுல பரம்பரப் பங்கு 74 சதவீதம்னு வருது. ஒசரம் மாதிரி குடும்ப வழியா எறங்குறது. ஒனக்கு இருக்குன்னு நான் சொல்லல. நான் ஒத்தக் கேஜு, அதுவும் காலாவதி ஸ்டிக்கர் ஒட்டுன கேஜு. ஆனா மகன டாக்டர்கிட்டக் கூட்டிப் போறப்ப, "சின்னதுல நீங்க எப்படி?"ன்னு ஒன்னையும் கேப்பாக. அப்ப, "நான் ரொம்ப அமைதி"ன்னு பொய் சொன்னா ஒங்காத்தா நம்பர டாக்டருக்குக் குடுத்துருவேன்.

எல்லாத்தையும்விட என் மனசுல கெடக்குறது வேற. பேத்தி. பத்து வயசு. அன்னைக்கு நீயும் பேரனும் போட்ட ரகளையில அவள ஆரு பாத்தா? தட்டுல சோறு காஞ்சுபோச்சு. அது சன்னலுக்கு வெளிய ஒரு பூனையப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. பூனை போயி பத்து நிமிசம் கழிச்சும் பாத்துக்கிட்டே இருந்துச்சு. மூணு தடவ பேரச் சொல்லிக் கூப்புட்டேன், நாலாவதுக்கு, "என்ன தாத்தா?"ன்னு ஏதோ தூரத்துலருந்து வந்த மாதிரி திரும்புச்சு. நோட்ட வாங்கிப் பாத்தேன். மூணு பாடத்துலயும் பாதிப் பக்கம், பாதிப் பக்கம், அந்தரத்துல நிக்குது. அடியில டீச்சர் கையெழுத்து: நல்ல புள்ள, இன்னும் முயற்சி பண்ணணும்.

இந்தக் கத்தார்லயே பிரைமரிப் பள்ளிக்கூடத்துல 1,541 புள்ளைகளுக்கு டீச்சர்கள விட்டு ஃபாரம் நெரப்பி ஒரு கணக்கு போட்டாக, 2006ல வெளிவந்துச்சு. இந்தக் கோளாறு அடையாளம் பயலுகள்ல 14.1 சதவீதம், பொண்ணுகள்ல 4.4. நம்ம கோயமுத்தூர்ல 2013ல வந்த கணக்கு மொத்தமா 11 சதவீதத்துக்கு மேல. இந்தப் பயலுக்கும் பொண்ணுக்கும் உள்ள தூரத்தப் பாரு. கொஞ்சம் மெய்யாவே இருக்கும். மீதி? பொண்ணுகளுக்குப் பெரும்பாலும் துறுதுறுப்பு வெளிய வராது, கவனந்தான் நழுவும். சத்தம் போடாது, பெஞ்சு மேல ஏறாது, யாருக்கும் தொந்தரவு இல்ல. ஆரு ஃபாரம் குடுப்பா? ஒனக்குத் தெரியாததா மாப்ள, விசிலடிக்கிற வால்வுக்கு ஒடனே ஆள் போகும். சத்தமில்லாமக் கசியிற ஃபிளாஞ்சுக்கு ஷட்டவுன் வரைக்கும் ஒருத்தனும் போக மாட்டான்.

தோஹா எம்பது கிலோமீட்டர். ஹமத் ஆஸ்பத்திரி இருக்கு, சித்ரா ஆஸ்பத்திரி இருக்கு, புள்ளைக டாக்டர் இருக்காக. லீவுக்கு ஊருக்குப் போயிப் பாக்குறதா இருந்தா, சென்னையில எழும்பூர் ஆஸ்பத்திரி இருக்கு, மாவட்டத் தலைநகர்லயே சின்னப்புள்ளைகளுக்குன்னு அரசாங்க மையம் இருக்கு. அங்க பட்டன் மெசினு இருந்தா அமுக்கட்டும், இல்லாட்டியும் ஒண்ணும் மோசம் போகல. மெசின் இல்லாமத்தான் இத்தன வருசமாக் கண்டுபுடிச்சுக்கிட்டு இருக்காக.

ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம். அதுக்குள்ள ஃப்ரிட்ஜு மேலருந்து ஃபாரத்த எடு. நீயும் மருமகளும் தனித்தனியா நெரப்புங்க, ஒருத்தரு எழுதுனத ஒருத்தரு எட்டிப் பாக்காம. போன அடுத்த ரூம்ல வச்சுட்டு எழுது. முடிச்ச கையோட டீச்சரம்மாகிட்டப் போயி இன்னொரு ஃபாரம் வாங்கியா. அது பேத்திக்கு.